கல்யாண வீட்டில் மேனுவல் ஃபோகஸ் லென்ஸ்



முகூர்த்த நாள் வந்தால் நம் வகுப்புகளில் நான்கைந்து பெஞ்சு காலியாகிவிடும் என்பது எல்லோரும் அறிந்ததே. பந்தி பரிமாறப் போகிறவர்கள் ஒரு கூட்டம், மேடை அலங்காரத்துக்குப் போகிறவர்கள் ஒரு கூட்டம், ஸ்டூடியோ வேலைக்குப் போகிறவர்கள் ஒரு கூட்டம். நான் மூன்றாவது கூட்டம். முதலாமாண்டில் லைட் பிடித்தேன். இப்போது இலுப்பூரிலும், அன்னவாசல், விராலிமலைப் பக்கத்து ஊர்களிலும் இரண்டாவது கேமரா பிடிக்கிறேன். பரீட்சைக் கட்டணம் அதில்தான் போகிறது. ஆகவே மலருக்கு ஏதாவது எழுது என்றதும், அந்த வேலையில் நான் கற்றுக்கொண்ட உருப்படியான ஒரு விஷயத்தையே எழுதலாம் என்று உட்கார்ந்தேன். கையால் ஃபோகஸ் செய்யும் லென்ஸை வைத்துக் கல்யாணம் எடுப்பது பற்றி.

"இந்தக் காலத்துல யாருடா கையால திருகுறான்?" என்று என் பெஞ்சு நண்பனே கேட்டான். நியாயமான கேள்விதான். அவனுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் ஆவணியில் ஒரு கல்யாணம். ஊர் பேரும் ஸ்டூடியோ பேரும் வேண்டாம். விடியற்காலை முகூர்த்தம். நான் லைட் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். கேமரா புதுசு, விலை உயர்ந்தது, எடுக்கிறவரும் கெட்டிக்காரர்தான். கெட்டிமேளம் கொட்டியது. மாப்பிள்ளை தாலியைக் கழுத்துக்குக் கொண்டுபோன அந்த நொடியில் முன்வரிசை மொத்தமும் கையைத் தூக்கியது. பாதிக் கையில் அட்சதை, பாதிக் கையில் செல்போன். கேமரா முன்னால் வந்த ஒரு கையைப் பிடித்துக்கொண்டது. பதினோரு படம். பதினொன்றிலும் யாரோ ஒரு பெரியவரின் மோதிரம் கல்லை எண்ணும் அளவுக்குத் தெளிவு! பின்னால் பெண்ணும் மாப்பிள்ளையும் புகை மாதிரி.

பெண்ணின் அண்ணன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். லீவு கிடைக்கவில்லை. அந்த ஒரு படம் எப்போது போனில் வரும் என்று அங்கே உட்கார்ந்திருந்தார். போட்டோகிராபர் சமாளிக்கப் பார்த்தார். "சார், தாலிய ஒரு தடவ கட்டுற மாதிரி போஸ் குடுங்க." பெண்ணின் அப்பத்தா எழுந்துவிட்டார். "கட்டுன தாலிய எவனாச்சும் திருப்பிக் கட்டுவானா?" அதற்குமேல் அங்கே யாரும் பேசவில்லை.

கேமராவைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆட்டோ ஃபோகஸ் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. லென்ஸின் இரண்டு ஓரங்கள் வழியாக வரும் ஒளியை ஒப்பிட்டு, இரண்டு பிம்பமும் எவ்வளவு விலகி இருக்கின்றன என்று கணக்கிட்டு மோட்டாரைச் சுற்றுகிறது. அதற்கு ஒரு விளிம்பு வேண்டும், கறுப்பு வெள்ளை வித்தியாசம் வேண்டும். பாயின்டைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை கேமராவிடமே விட்டால் பெரும்பாலும் பக்கத்தில் இருப்பதைத்தான் பிடிக்கும். தாலி கட்டும் நேரத்தில் பக்கத்தில் இருப்பது கை. ஹோமப் புகை வந்தாலோ விளிம்பு மங்கிவிடும். மோட்டார் முன்னும் பின்னும் அலையும். இப்போது வரும் மிரர்லெஸ் கேமராக்கள் கண்ணையே கண்டுபிடித்துப் பிடிக்கின்றன, அது பெரிய முன்னேற்றம், மறுக்கவில்லை. ஆனால் கண்ணைக் கை மறைத்தால் அதுவும் வேறு எங்கோ தாவக்கூடியதுதான்.

மேனுவல் லென்ஸ் தாவாது. இதுதான் அதன் ஒரே பெருமை. இரண்டரை மீட்டரில் வைத்தால் இரண்டரை மீட்டரிலேயே நிற்கும். நடுவில் யானையே வந்தாலும் சரி.

நம் கல்யாணத்தில் ஒரு வசதி இருக்கிறது. வேடிக்கையான விஷயம், இதைப் பலர் யோசிப்பதில்லை. ஓடுகிற பந்தை எடுப்பவனுக்கு பந்து எங்கே வரும் என்று தெரியாது. நமக்கு மணவறை எங்கே, பெண் எந்தப் பலகையில் உட்காருவாள், நாத்தனார் எந்தப் பக்கம் நிற்பார், மூன்றும் முந்தின நாள் இரவே தெரியும். முகூர்த்த நேரம் பத்திரிகையிலேயே அச்சாகியிருக்கிறது! இடமும் நேரமும் முன்பே தெரிந்த ஒரு காட்சிக்கு, அந்த நொடியில் போய் கேமராவை யோசிக்கச் சொல்வது எதற்கு? யோசிப்பதை நாம் ஐந்து நிமிடம் முன்னாலேயே முடித்துவிடலாம்.

பழைய ஆட்கள் எல்லோரும் இப்படித்தான் எடுத்தார்கள். மோட்டாரை பாடிக்குள்ளேயே வைத்து வெற்றிகரமாக விற்ற முதல் எஸ்.எல்.ஆர். மினோல்டா 7000, அது வந்தது 1985ல். கேனான் 1987ல் இ.ஓ.எஸ். வரிசையைக் கொண்டுவந்தது. அதற்கு முன் நம்மூர் ஸ்டூடியோக்களில் இருந்ததெல்லாம் யாஷிகா, பென்டாக்ஸ், நிக்கான் என்று கையால் திருகும் கேமராக்களே. பென்டாக்ஸ் கே1000 என்ற மாடல் 1976 முதல் 1997 வரை தயாரிக்கப்பட்டது. நான் வேலை பார்க்கும் ஸ்டூடியோ அண்ணன் கண்ணாடி அலமாரியில் இன்றும் ஒன்று வைத்திருக்கிறார். ஒரு ரோலுக்கு 36 படம், எடுத்ததைப் பார்க்கத் திரை கிடையாது, கழுவிப் பார்த்தால்தான் தெரியும். அப்படியும் அந்தக் கால ஆல்பங்களில் தாலி கட்டும் படம் தெளிவாகவே இருக்கிறது. உங்கள் வீட்டு ஆல்பத்தை எடுத்துப் பாருங்கள்.

உலகத்துக்குப் போனாலும் இதேதான். ஹென்றி கார்ட்டியர் பிரஸ்ஸோன் என்ற பிரெஞ்சுப் புகைப்படக்காரர் 1950ல் திருவண்ணாமலைக்கு வந்து ரமண மகரிஷியின் கடைசி நாட்களைப் படம் எடுத்தவர். அவர் கையில் இருந்தது லைக்கா. 1954ல் தொடங்கிய லைக்காவின் எம் வரிசைக்கு இன்று வரை ஆட்டோ ஃபோகஸ் கிடையாது. இன்னும் கிட்டத்து உதாரணம் வேண்டுமானால், 2008ல் வந்த கேனான் 5டி மார்க் 2. கல்யாண வீடியோவை சினிமா மாதிரி எடுக்கலாம் என்ற மோகம் பரவக் காரணமான கேமராக்களில் ஒன்று. வீடியோ ஓடும்போது அது தொடர்ந்து தானாக ஃபோகஸ் செய்யாது. அதை வைத்து எடுத்தவர்கள் எல்லோரும் வளையத்தைக் கையால்தான் திருப்பினார்கள்.

இனி கொஞ்சம் பாடம். பயப்பட வேண்டாம், முதலாமாண்டு பிசிக்ஸ்தான்.

லென்ஸ் சமன்பாடு நினைவிருக்கும். குவிய தூரத்தின் தலைகீழ் என்பது பொருள் தூரம், பிம்ப தூரம் இரண்டின் தலைகீழ்களின் கூட்டல். 50 எம்.எம். லென்ஸை எடுத்துக்கொள்வோம். பொருள் வெகு தொலைவில் இருந்தால் பிம்பம் 50 மி.மீ.யில் விழும். பொருள் 3 மீட்டரில் இருந்தால் 50.85 மி.மீ. 2 மீட்டரில் 51.28. அதாவது 3 மீட்டரிலிருந்து 2 மீட்டருக்கு ஃபோகஸை மாற்ற லென்ஸ் நகர வேண்டியது 0.43 மி.மீ. மட்டுமே! வெர்னியர் காலிப்பரில் நாம் எடுக்கிற அளவு. ஆனால் 45 செ.மீ. கிட்டத்துக்கு வந்தால் 6.25 மி.மீ. வெளியே வர வேண்டும். தூரத்தில் நகர்வு கொஞ்சம், கிட்டத்தில் நகர்வு அதிகம். லென்ஸ் வளையத்தில் 3 மீட்டரும் 5 மீட்டரும் ஒட்டி ஒட்டி இருப்பதும், அரை மீட்டரும் முக்கால் மீட்டரும் தள்ளித் தள்ளி இருப்பதும் இதனால்தான்.

இந்த நகர்வைக் கொடுப்பது உள்ளே இருக்கும் ஹெலிகாய்டு. மெக்கானிக்கல் நண்பர்களுக்கு ஒரு வார்த்தையில் சொன்னால் மல்டி ஸ்டார்ட் த்ரெட். ஒரே புரியாக இருந்தால் 6 மி.மீ. நகர வளையத்தைப் பல சுற்று சுற்ற வேண்டியிருக்கும். பல புரி சேர்ந்து ஓடுவதால் பல பழைய லென்ஸ்களில் அரைச் சுற்றிலேயே வேலை முடிகிறது. பித்தளையிலும் அலுமினியத்திலும் கடைந்து, கிரீஸ் போட்டு, ஆட்டமே இல்லாமல் ஓடும் அந்த வளையத்தை ஒருமுறை திருப்பிப் பார்த்தால் நம் லேத் ஷாப்பில் நாம் வெட்டும் புரியை நினைத்துச் சிரிப்பு வரும். ஆட்டோ ஃபோகஸ் லென்ஸில் மோட்டார் வேகமாக ஓட வேண்டும் என்பதற்காக இந்தச் சுற்றைப் பெரும்பாலும் குறைத்துவிடுகிறார்கள். அதனால் அவற்றைக் கையால் திருப்பும்போது ஒரு மயிரிழை தள்ளினாலும் ஃபோகஸ் ஓடிவிடும். விலை குறைந்த லென்ஸ்களில் தூர அளவுகோலே அச்சிடுவதில்லை. நம் வேலைக்கு அந்த அளவுகோல்தான் உயிர்.

அடுத்தது தெளிவு ஆழம். ஒரே தூரத்தில் ஃபோகஸ் வைத்தாலும் அதற்கு முன்னும் பின்னும் கொஞ்ச தூரம் தெளிவாகவே தெரியும். அப்பெர்ச்சரைச் சுருக்கினால் அந்த ஆழம் கூடும், லென்ஸின் எம்.எம். குறைந்தாலும் கூடும். நம்மில் பெரும்பாலோர் வைத்திருப்பது ஏ.பி.எஸ்.சி. சென்சார் கேமரா. அதில் ஒரு பழைய 28 எம்.எம். லென்ஸைப் போட்டு, எஃப் 8ல் வைத்து, 2.5 மீட்டரில் ஃபோகஸை நிறுத்தினால், சுமார் 1.7 மீட்டர் முதல் 5 மீட்டர் வரை எல்லாம் தெளிவு. படத்தின் அகலத்தில் 2 மீட்டர் அடங்கும். பெண், மாப்பிள்ளை, பின்னால் மூன்றாவது முடிச்சுக்குக் குனியும் நாத்தனார், பக்கத்தில் ஐயர் என எல்லாரும் அந்தப் பெட்டிக்குள் வந்துவிடுகிறார்கள். ஒன்றரை மீட்டருக்குள் நீட்டும் கை மட்டும் மங்கலாக இருக்கும். இருக்கட்டும், அது கூட்டத்தைக் காட்டும்.

ஃபுல் ஃபிரேம் கேமரா கையில் கிடைத்தால் 35 எம்.எம்., எஃப் 8, 3 மீட்டர். 1.9 மீட்டரிலிருந்து 7 மீட்டர் வரை தெளிவு.

பழைய லென்ஸில் இந்தக் கணக்கைப் போடவே வேண்டாம், கழுத்திலேயே கோடு கோடாகச் செதுக்கியிருப்பார்கள். நிக்கானின் பழைய லென்ஸ்களில் அப்பெர்ச்சர் எண் என்ன நிறமோ அதே நிறத்தில் கோடு. இரண்டு கோட்டுக்கும் நடுவில் என்ன தூரம் வருகிறதோ அதுதான் தெளிவு. ஒரு எச்சரிக்கை: அந்தக் கோடுகள் 35 எம்.எம். ஃபிலிம் அளவுக்குப் போட்டவை. ஏ.பி.எஸ்.சி. கேமராவில் எஃப் 8 வைத்தால் 5.6க்கு உள்ள கோட்டைப் பாருங்கள். இல்லாவிட்டால் ஏமாற்றும்.

எஃப் 8 என்றால் வெளிச்சம் எங்கே என்று கேட்பீர்கள். விடியற்காலை மண்டபத்தில் டியூப்லைட்டை நம்பி எஃப் 8ல் எடுக்க முடியாது. ஃபிளாஷ் வேண்டும், அதையும் மேனுவலில்தான் வைப்பேன். கைடு நம்பரைத் தூரத்தால் வகுத்தால் அப்பெர்ச்சர். ஐ.எஸ்.ஓ. 100ல் கைடு நம்பர் 40 உள்ள ஃபிளாஷ் என்று வைப்போம். ஐ.எஸ்.ஓ. 400ல் அது 80 ஆகும். பவரை பதினாறில் ஒரு பங்காகக் குறைத்தால் நான்கில் ஒரு பங்காகி 20. இருபதை 2.5 மீட்டரால் வகுத்தால் 8. கச்சிதம்! பவர் குறைவு என்பதால் ஃபிளாஷ் சீக்கிரம் தயாராகி அடுத்தடுத்து அடிக்கும். மூன்று முடிச்சுக்கும் ஃபிளாஷ் கிடைக்கும். வெள்ளைப் பட்டு வேட்டியைப் பார்த்து ஆட்டோ ஃபிளாஷ் ஏமாந்து முகத்தை இருட்டாக்குவதும் இதில் இல்லை. ஆனால் இது ஃபிளாஷ் நேராக அடிக்கும்போது. குடையிலோ கூரையிலோ பட்டு வந்தால் கணக்கு மாறும், அங்கே முன்பே சோதனைப் படம் எடுத்துத்தான் வைக்க வேண்டும். தூரமும் அப்பெர்ச்சரும் இப்படிக் கைகோத்து நடப்பதை வைத்தே நிக்கான் 1960களின் கடைசியில் ஒரு 45 எம்.எம். லென்ஸ் செய்தது. கைடு நம்பரை ஒருமுறை பூட்டிவிட்டால் ஃபோகஸ் வளையத்தைத் திருப்பத் திருப்ப அப்பெர்ச்சர் தானாக மாறும். ஒரு சிப் கூட இல்லாமல், வெறும் மெக்கானிசம்.

சரி, தூரத்தை எப்படி அளப்பது? மண்டபத்தில் டேப் போட்டால் மாப்பிள்ளை வீட்டார் சிரிப்பார்கள். எங்கள் அண்ணன் சொல்லிக் கொடுத்த வழி, டைல்ஸை எண்ணுவது. இரண்டடி டைல்ஸ் என்றால் நான்கு டைல்ஸ் எட்டு அடி, ஏறத்தாழ 2.4 மீட்டர். பழைய லென்ஸ்களில் அடிக் கணக்கும் எழுதியிருக்கும். கிராமத்தில் வீட்டு வாசலில் பந்தல் போட்ட கல்யாணமானால் டைல்ஸ் ஏது? அங்கே நம் காலடிதான். ஒரு எட்டு எவ்வளவு என்று விடுதி வராந்தாவில் அளந்து வைத்துக்கொள்ளுங்கள்.

அளந்தது போதாது, கண்ணாலும் சரிபார்க்க வேண்டும். பெண் பலகையில் வந்து உட்கார்ந்ததும் நெற்றிச்சுட்டிச் சங்கிலியைப் பாருங்கள். வகிட்டில் நேராகத் தொங்கும், மஞ்சள் வெளிச்சத்திலும் மின்னும். பழைய கேமராவில் வியூஃபைண்டர் நடுவில் வட்டம் இரண்டாகப் பிளந்து தெரியும். மேல் பாதிச் சங்கிலியும் கீழ்ப் பாதிச் சங்கிலியும் ஒட்டினால் ஃபோகஸ். இப்போதைய டி.எஸ்.எல்.ஆரில் அந்தப் பிளவு இல்லை, ஓரத்தில் ஒரு புள்ளி எரியும். மிரர்லெஸ்ஸில் விளிம்பு நிறமாகத் தெரியும், படத்தைப் பெரிதாக்கியும் பார்க்கலாம். நிற விளிம்பை முழுக்க நம்பாதீர்கள், அது தாராள மனசுக்காரன்; கொஞ்சம் தள்ளி இருந்தாலும் சரி என்று சொல்லிவிடும். பெரிதாக்கிப் பார்ப்பதே நிச்சயம். பார்த்ததும் வளையத்தின் மேல் சின்னதாக ஒரு செல்லோடேப் ஒட்டிவிடுங்கள். நெரிசலில் யாராவது முழங்கையால் இடித்தாலும் நகராது. பிறகு அந்த இடத்தை விட்டு அசையக் கூடாது, அவ்வளவுதான்.

மாப்பிள்ளை அழைப்பு வேறு வகை. அவர் நடந்து வருகிறார். ஆனால் எந்த வழியாக வருவார் என்று தெரியும். தரைவிரிப்பின் தையல் ஒன்றில் ஃபோகஸ் வைத்துக் காத்திருங்கள். அவர் கால் அந்தத் தையலுக்கு வரும்போது அழுத்தினால் தாமதம். நம் விரல் செயல்பட ஐந்தில் ஒரு நொடி போல ஆகிறது. நொடிக்கு ஒரு மீட்டர் நடப்பவர் அதற்குள் 20 செ.மீ. வந்துவிடுவார். அரையடி முன்னாலேயே அழுத்துங்கள்.

பெண்ணைத் தனியாக வைத்து எடுக்கும் முகப்படத்தில்தான் மேனுவல் லென்ஸ் கஷ்டம் கொடுக்கும். 50 எம்.எம்., எஃப் 2, ஒன்றரை மீட்டர் என்றால் ஏ.பி.எஸ்.சி.யில் தெளிவு ஆழம் மொத்தம் 7 செ.மீ.தான். மூச்சு விட்டாலே மாறும். கண்ணில் ஃபோகஸ் வைத்து, மூச்சை நிறுத்தி, மூன்று படமாவது எடுங்கள். அவசரம் இல்லாத இடம் அது, பொறுமை இருந்தால் போதும். குழந்தைகள் ஓடுவது, மேடையில் நண்பர்கள் ஆட்டம், வரவேற்பில் வரிசை, இங்கெல்லாம் ஆட்டோவுக்கே போங்கள். பிடிவாதம் பிடித்து நாலு படம் கெட்டால் காசு கொடுத்தவருக்குத்தான் நஷ்டம். நான் முகூர்த்தத்துக்கு மட்டும் ஒரு பாடியில் மேனுவல் லென்ஸ் போடுகிறேன், அண்ணன் தன் பாடியில் ஆட்டோ வைத்துக்கொள்கிறார்.

பழைய லென்ஸே வாங்க வேண்டுமா என்றால், இல்லை. உங்கள் லென்ஸில் தூர அளவுகோல் இருந்தால் ஓரத்தில் உள்ள பொத்தானை எம் என்ற இடத்துக்குத் தள்ளினாலே போதும், பைசா செலவில்லை. ஆனால் பழைய லென்ஸ் மலிவு, மாணவன் கைக்கு எட்டும். வாங்கும்போது செல்போன் டார்ச்சை ஒரு பக்கம் அடித்து மறுபக்கம் பாருங்கள். சிலந்தி வலை போல் தெரிந்தால் பூஞ்சை, தொடாதீர்கள். அப்பெர்ச்சர் இதழில் எண்ணெய் கசிந்திருக்கக் கூடாது. வளையம் கல் மாதிரி இறுகியிருந்தால் கிரீஸ் காய்ந்துவிட்டது, சர்வீஸ் செலவையும் சேர்த்து பேரம் பேசுங்கள்.

எந்த பாடிக்கு எது பொருந்தும் என்பதற்கு ஒரு எண் போதும், மவுண்டிலிருந்து சென்சார் வரை உள்ள தூரம். நிக்கான் எஃப் மவுண்டு 46.5 மி.மீ., கேனான் இ.எஃப். 44, சோனி இ 18, நிக்கான் இசட் 16. லென்ஸுக்கு வேண்டிய தூரம் பாடியின் தூரத்தைவிட அதிகமானால் இடையில் ஒரு அடாப்டர் வளையம் போட்டு நிரப்பிவிடலாம். ஆகவே நிக்கான் லென்ஸ் கேனான் பாடியில் 2.5 மி.மீ. வளையத்தோடு உட்காரும், கேனான் லென்ஸை நிக்கான் டி.எஸ்.எல்.ஆரில் இப்படி உட்கார வைக்க முடியாது. மிரர்லெஸ்ஸில் ஏறத்தாழ எல்லாப் பழைய லென்ஸும் ஏறும். நிக்கான் டி3000, டி5000 வரிசையில் சிப் இல்லாத லென்ஸைப் போட்டால் மீட்டர் வேலை செய்யாது. நமக்கு ஃபிளாஷும் மேனுவல், அப்பெர்ச்சரும் மேனுவல் என்பதால் கவலையில்லை. 1977க்கு முந்தைய நிக்கான் லென்ஸை மட்டும் மாற்றியமைக்காமல் டி7000 போன்ற பாடியில் ஏற்றாதீர்கள், மவுண்டு ஓரத்தில் உள்ள சின்னப் பிடி உடைந்துவிடும்.

கையைப் பழக்க ஒரு பயிற்சி. விடுதி அறையில் விளக்கை அணைத்துவிட்டு 1 மீட்டர், 2 மீட்டர், 3 மீட்டர் என்று நண்பனைச் சொல்லச் சொல்லி, பார்க்காமல் வளையத்தைத் திருப்புங்கள். பிறகு விளக்கைப் போட்டு அளவுகோலைப் பாருங்கள். நிக்கான் ஒரு திசையில் திரும்பும், கேனான் அதற்கு எதிர்த் திசை. இரண்டையும் கலந்து பழகினால் கை குழம்பும், ஒன்றையே பிடித்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒரு மாதம் பிடித்தது. தினமும் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு கால் மணி நேரம்.

முகூர்த்தத்தன்று இன்னொரு வேலையும் உண்டு. ஐயரிடம் முன்பே போய், "சாமி, தாலி எடுத்துக் குடுக்கும்போது இந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ஞ்சுக்கங்க, நான் இங்கதான் நிப்பேன்" என்று சொல்லி வையுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். வீடியோ எடுக்கிற அண்ணனிடமும் உங்கள் இடத்தைச் சொல்லிவிடுங்கள். அவர் குறுக்கே நின்றால் எந்த லென்ஸும் உதவாது.

என்னிடம் உள்ள 28 எம்.எம். லென்ஸைப் பழகிப் பார்க்க விரும்பும் நண்பர்கள் தாராளமாக வாங்கிப் போகலாம். தை, வைகாசி, ஆவணியில் மட்டும் கேட்காதீர்கள்.